அத்தியாயம் 7: ஹெட் போல்ட்டை முடுக்கும் முறை

பவர் வீடர், வாய்க்கால் தண்ணீர் பம்ப், கான்கிரீட் வைப்ரேட்டர் என்று எதைத் திறந்தாலும் பெட்ரோல் வண்டியாக இருந்தால் உள்ளே பெரும்பாலும் ஒரே குடும்பத்து எஞ்சின்தான் உட்கார்ந்திருக்கும். ஒன்று ஹோண்டா ஜிஎக்ஸ்160. இல்லாவிட்டால் அதே அமைப்பில் சீனாவிலிருந்து வரும் 168எஃப். 163 சிசி, 68 மில்லிமீட்டர் போர், ஒற்றை சிலிண்டர். ஹெட்டை பிளாக்கோடு பிடித்து வைப்பவை நாலே நாலு எம்8 போல்ட். இந்த அத்தியாயம் அந்த நாலைப் பற்றியது.

ஹெட்டைக் கழற்றுவது சென்ற அத்தியாயத்தில் வந்துவிட்டது. கழற்றியவர்களில் பாதிப் பேர் மாட்டும்போதுதான் கோட்டை விடுகிறார்கள். புது கேஸ்கெட் போட்டு, “நல்லா டைட் பண்ணிட்டேன்” என்று ஓட்டினால் பத்தே நாளில் திரும்பவும் புகைகிறது. காரணம் பெரும்பாலும் கேஸ்கெட் இல்லை, அந்த “நல்லா”தான். ஹெட் போல்ட்டில் பலத்தைவிட முக்கியம் நாலும் ஒரே அளவு இறுகியிருப்பது. நாலு பேர் கட்டில் தூக்கும்போது ஒருவர் மட்டும் தன் மூலையை உயர்த்தினால் என்ன ஆகுமோ அதுதான் ஹெட்டுக்கும் ஆகிறது.

தேவையான அளவுக்கு மட்டும் கணக்கு பார்த்துவிடலாம். முழு லோடில் எரியும்போது ஹெட்டை வெளியே தள்ளும் விசை ஒரு டன்னைத் தாண்டும். 3600 சுற்றில் ஓடும் எஞ்சினில் இது நொடிக்கு 30 முறை நடக்கிறது. இதைத் தாங்க ஒவ்வொரு போல்ட்டும் சுமார் ஒன்றரை டன் இழுவிசையில் நீண்டு நிற்க வேண்டும். போல்ட் ஒரு ஸ்பிரிங் மாதிரி இழுபட்டு நின்றால்தான் ஹெட் அமுங்கும். முடுக்குவது என்பது அந்த நீட்சியைக் கொடுப்பது, அவ்வளவுதான். நீங்கள் ஸ்பேனரில் போடும் விசையில் பத்தில் ஒரு பங்குதான் நீட்சியாகப் போகிறது. மிச்சமெல்லாம் போல்ட் தலைக்கு அடியிலும் மரையிலும் உராய்வாகவே தீர்ந்துவிடும். மரையில் ஒட்டிய அழுக்கு இந்தக் கணக்கை எவ்வளவு கெடுக்கும் என்பது இதிலிருந்தே தெரியும்.

எந்த எஞ்சினுக்கு எவ்வளவு

ஜிஎக்ஸ்160-க்கு ஹெட் போல்ட் முறுக்கு 24 நியூட்டன் மீட்டர். அதன் பெரிய அண்ணன் ஜிஎக்ஸ்390-க்கு எம்10 போல்ட், 35 நியூட்டன் மீட்டர். ஒன்றின் எண்ணை மற்றதற்கு எடுத்துக்கொள்ளாதீர்கள். சீன எஞ்சின் என்றால் அதோடு வந்த கையேட்டைப் பார்த்து, அதில் உள்ள எண்ணையே வைத்துக்கொள்ளுங்கள். கையேடு தொலைந்திருந்தால் விற்ற கடையில் கேட்டு வாங்குங்கள். “எல்லாத்துக்கும் ஒரே டைட்தான் அண்ணே” என்று சொல்லும் ஆளிடம் கேட்காதீர்கள்.

அலகில் கண் வையுங்கள். கடையில் கிடைக்கும் டார்க் ரெஞ்சுகளில் நியூட்டன் மீட்டரும் அடி-பவுண்டும் எதிரெதிரே பொறித்திருக்கும். 24 நியூட்டன் மீட்டர் என்பது சுமார் 18 அடி-பவுண்டு. தவறிப்போய் அடி-பவுண்டு பக்கத்தில் 24 வைத்தால் போல்ட்டுக்கு 32 நியூட்டன் மீட்டருக்கு மேல் போய்விடும். அலுமினிய பிளாக்கில் மரை உரிந்து வர அதுவே போதும். பழைய புத்தகங்களில் கிலோகிராம்-மீட்டர் கணக்கு இருக்கும். அதில் 24 என்பது 2.4 என்று இருக்கும்.

முதலில் பாதுகாப்பு

1. எஞ்சின் முழுக்க ஆறியிருக்க வேண்டும். ராத்திரி நிறுத்தி காலையில் தொடுவது நல்லது. சூடாக இருக்கும்போது கழற்றினால் அலுமினிய ஹெட் வளையும். சூட்டில் முடுக்கினால், அலுமினியம் இரும்பைவிட அதிகம் விரிவதால், ஆறியதும் போல்ட் தளர்ந்து நிற்கும்.

2. பிளக் கேப்பைக் கழற்றி, தானாகப் பிளக்கைத் தொட முடியாதபடி தள்ளி வையுங்கள். கயிறு இழுபட்டுவிட்டால் எஞ்சின் ஒரு உதை உதைக்கும். விரல் எங்கே இருக்கிறது என்று அது பார்க்காது.

3. பெட்ரோல் டேப்பை மூடி, டேங்கையும் கார்புரேட்டர் கிண்ணத்தையும் வடித்துவிடுங்கள். வேலை திறந்த வெளியில் நடக்கட்டும். பீடி, சிகரெட், அரிக்கேன் விளக்கு எதுவும் பக்கத்தில் வேண்டாம்.

4. பழைய எஞ்சினில் கேஸ்கெட் சாம்பல் நிறத்தில் நார் நாராக இருந்தால் அதில் ஆஸ்பெஸ்டாஸ் இருக்கலாம். உலர்ந்த நிலையில் கம்பி பிரஷ்ஷால் தேய்க்காதீர்கள். தண்ணீர் தெளித்து, நனைந்த நிலையில் சுரண்டி எடுத்து, ஒரு கவரில் கட்டி அப்புறப்படுத்துங்கள். ஊதித் தூசு கிளப்பவே கூடாது.

5. மரைத் துளையில் காற்று அடிக்கும்போது கண்ணாடி போட்டுக்கொள்ளுங்கள். துளைக்குள் போன காற்று அழுக்கோடு நேராக முகத்துக்குத்தான் திரும்பி வரும்.

தேவையான பொருள்கள்

12-ஆம் நம்பர் சாக்கெட், ராட்செட், 10 செ.மீ. எக்ஸ்டென்ஷன், ஃபீலர் கேஜ், நேரான இரும்பு அடிக்கோல், பிளாஸ்டிக் அல்லது மூங்கில் சுரண்டி, பனியன் வேஸ்ட், கொஞ்சம் மண்ணெண்ணெய், புது ஹெட் கேஸ்கெட். அதோடு ஒரு டார்க் ரெஞ்ச்.

டார்க் ரெஞ்ச் வாங்கும்போது கார் வீல் நட்டுக்கான பெரியதை வாங்காதீர்கள். அது 40-இல் தொடங்கும், உங்களுக்கு வேண்டியது 24. 5 முதல் 50 நியூட்டன் மீட்டருக்குள் அளக்கும் சிறியதே சரி. எந்த ரெஞ்சும் தன் அளவின் அடிமட்டத்தில் துல்லியமாக இருக்காது, அதனால் வேண்டிய எண் நடுவில் வரும்படி தேர்ந்தெடுங்கள். காசு போடத் தயக்கம் என்றால் கொஞ்சம் பொறுங்கள், பத்து கிலோ தராசை வைத்து அளக்கும் வழி கீழே வருகிறது.

ஹெட்டின் முகம்

கழற்றிய ஹெட்டை முதலில் கண்ணால் பாருங்கள். கேஸ்கெட்டின் வளையத்தில் எங்காவது கருப்பு ரேகை வெளிப்பக்கமாக ஓடியிருந்தால் காற்று அந்த வழியாகப் போயிருக்கிறது. ரேகை புஷ் ராட் போகும் பொந்துப் பக்கம் ஓடியிருந்தால் வெளியே ஒன்றும் தெரியாது, சத்தமும் கேட்காது. அழுத்தம் கிராங்க் கேஸுக்குள் இறங்கி, பிரீதர் குழாய் வழியாக எண்ணெயைத் தள்ளி ஏர் ஃபில்டரை நனைக்கும். ஏர் ஃபில்டர் எண்ணெயில் ஊறியிருக்கிறது என்று ரிங்ஸ் மாற்றிக்கொண்டிருப்பார்கள், குற்றவாளி கேஸ்கெட்டாக இருக்கும்.

1. பிஸ்டனை மேல் நிலைக்குக் கொண்டுவந்து, சிலிண்டரிலும் புஷ் ராட் பொந்திலும் துணி திணித்து அடைத்துவிடுங்கள். சுரண்டிய கரியும் பழைய பேக்கிங் துண்டும் உள்ளே விழக் கூடாது.

2. பிளாக், ஹெட் இரண்டின் முகத்தையும் பிளாஸ்டிக் சுரண்டியால் சுத்தம் செய்யுங்கள். ஹாக்சா பிளேடு வேண்டாம். அலுமினியத்தில் நகத்தில் தட்டும் அளவுக்கு ஒரு கீறல் விழுந்தாலும் காற்று அதில் வழி பார்த்துக்கொள்ளும்.

3. அடிக்கோலின் விளிம்பை ஹெட் முகத்தின் மேல் மூலைக்கு மூலை வைத்து, இடையில் ஃபீலர் தகட்டை நுழைத்துப் பாருங்கள். இரண்டு மூலைவிட்டமும், நீளமும், அகலமும் பார்க்க வேண்டும். 0.10 மில்லிமீட்டர் தகடு நுழைந்தால் ஹெட் வளைந்துவிட்டது.

கொஞ்சமாக வளைந்த ஹெட்டை வீட்டிலேயே சரி செய்யலாம். கண்ணாடிக் கடையில் தடித்த கண்ணாடித் துண்டு வாங்கி மேசையில் படுக்க வைத்து, மேலே 220 நம்பர் எமரி பேப்பரை விரித்து ஒட்டுங்கள். மண்ணெண்ணெய் தெளித்து, ஹெட்டை எட்டு போடுவதுபோல் அழுத்தாமல் தேயுங்கள். முகம் முழுவதும் ஒரே மாதிரி மங்கலான பிறகு 400 நம்பரில் முடியுங்கள். வால்வு கழற்றிய ஹெட்டில்தான் இதைச் செய்ய வேண்டும். எமரித் தூள் வால்வு கைடில் புகுந்தால் ஒரு வேலை இரண்டாகும். முடிந்ததும் சோப்புத் தண்ணீரில் கழுவுங்கள், துடைப்பது மட்டும் போதாது. வளைவு கண்ணுக்கே தெரிகிற அளவு இருந்தால் லேத் பட்டறைக்கு அனுப்புங்கள்.

போல்ட்டும் மரையும்

இந்தப் பகுதியைத்தான் அவசரத்தில் தாண்டிவிடுகிறார்கள். முடுக்குவதைவிட அதிக நேரம் இங்கே செலவாக வேண்டும்.

போல்ட்டை மண்ணெண்ணெயில் கழுவி, பிரஷ்ஷால் மரைக்கு இடையில் உள்ள கரியை எடுத்து, உலர்த்துங்கள். நாலையும் பக்கத்தில் பக்கத்தில் நிறுத்திப் பாருங்கள். ஒன்று மற்றதைவிட நீளமாக இருந்தாலோ, மரைக்கு நடுவில் ஓர் இடம் மெலிந்து இடுப்பு விழுந்தது போலிருந்தாலோ அது நீண்டு போன போல்ட். தூக்கிப் போடுங்கள். பதிலுக்கு ஹார்டுவேர் கடையில் தலை மட்டும் ஒத்துவரும் எதையாவது வாங்கி மாட்டாதீர்கள். அந்த எஞ்சினுக்கான, அடியில் சட்டி போல விரிந்த தலையுள்ள ஃபிளாஞ்ச் போல்ட்டே வேண்டும். நீளம் கூடினாலும் ஆபத்து. பிளாக்கில் உள்ள துளை அடி மூடிய துளை. நீளமான போல்ட் அடியைத் தொட்டு நின்றுகொள்ளும். டார்க் ரெஞ்ச் “கிளிக்” என்று சொல்லும், ஹெட்டோ அமுங்கவே இருக்காது.

துளைக்குள் கரி, பழைய எண்ணெய், கழுவிய தண்ணீர் எதுவும் மிச்சம் இருக்கக் கூடாது. மூடிய துளையில் எண்ணெய் தேங்கி நின்றால் போல்ட் இறங்க இறங்க அது போக வழியில்லாமல் அழுந்தி பிளாக்கையே வெடிக்க வைக்கும். பஞ்சர் கடைக் கம்ப்ரசரில் ஒரு முறை காற்று அடித்தால் போதும். இல்லாவிட்டால் சைக்கிள் பம்ப், அதுவும் இல்லாவிட்டால் குச்சியில் துணி சுற்றி ஒற்றி எடுங்கள்.

*குறிப்பு:* மரையைச் சுத்தம் செய்ய டேப் விடாதீர்கள். அது புதிதாக வெட்டும் கருவி, இருக்கும் அலுமினியத்தையும் சீவிக்கொண்டு வரும். பழைய ஹெட் போல்ட் ஒன்றை எடுத்து, மரைப் பகுதியில் நீளவாக்கில் ஹாக்சாவால் ஒரு வெட்டு போட்டு, பிசிறை அரத்தால் எடுத்துவிடுங்கள். அதைக் கையால் துளைக்குள் திருகி இறக்கி ஏற்றினால் வெட்டில் அழுக்கு சேர்ந்து வெளியே வரும், மரை அப்படியே இருக்கும்.

மரைக்கு எண்ணெய் போடலாமா? கையேட்டில் போடச் சொல்லியிருந்தால் போடுங்கள். சொல்லவில்லை என்றால் சுத்தமான, உலர்ந்த மரை என்றே பொருள். எண்ணெய் உராய்வைக் குறைப்பதால் அதே 24-க்குப் போல்ட் கூடுதலாக நீளும். கிரீஸ் பூசிய போல்ட் இன்னும் மோசம். நாலில் இரண்டுக்கு மட்டும் எண்ணெய் ஒட்டியிருப்பதுதான் இருப்பதிலேயே கெட்ட நிலை.

கேஸ்கெட்

பழைய கேஸ்கெட்டைத் திருப்பிப் போடாதீர்கள், பார்க்கப் புதுசு மாதிரி இருந்தாலும் சரி. ஒரு முறை அமுங்கியது மறுபடி அமுங்காது. ஷெல்லாக், சிலிகான் பசை எதுவும் ஹெட்டுக்குத் தேவையில்லை. அவை கிராங்க் கேஸ் கவருக்கு. ஹெட் சூட்டில் கருகிப் பிதுங்கும் பசை, கேஸ்கெட் உட்காரவேண்டிய இடத்தைத்தான் கெடுக்கும்.

பிளாக்கில் இரண்டு டவல் பின் இருக்கிறதா என்று பாருங்கள். ஹெட்டோடு ஒட்டிக்கொண்டு போயிருக்கலாம், குப்பையோடும் போயிருக்கலாம். டவல் இல்லாமல் ஹெட்டை நிறுத்தினால் கேஸ்கெட்டின் வளையம் போருக்குள் எட்டிப் பார்க்கும். கேஸ்கெட்டை வைத்ததும் போர், புஷ் ராட் பொந்து, நாலு துளை எல்லாம் திறந்திருக்கின்றனவா என்று ஒரு முறை பார்த்துவிட்டே ஹெட்டை வையுங்கள். திணித்த துணியை எடுத்தீர்களா?

முடுக்கும் வரிசை

எஞ்சினை அசையாமல் நிறுத்துங்கள். தனி எஞ்சின் என்றால் ஒரு பலகையில் போல்ட் போட்டுப் பிடித்துக்கொள்ளுங்கள். ஒரு கையால் எஞ்சினைப் பிடித்து மறு கையால் முடுக்கினால் எந்த ரெஞ்சும் சரியான அளவு காட்டாது.

ஹெட்டுக்கு நேராக நின்று, மேல் இடது மூலையை 1 என்றும், அதற்குக் குறுக்கே கீழ் வலதை 2 என்றும், மேல் வலதை 3 என்றும், கீழ் இடதை 4 என்றும் வைத்துக்கொள்ளுங்கள். சாக்பீஸால் எழுதி வைத்தாலும் குறைச்சல் இல்லை.

1. நாலு போல்ட்டையும் விரலால் மட்டும் திருகி, தலை ஹெட்டில் உட்காரும்வரை இறக்குங்கள். விரலுக்கு வராத போல்ட்டை ஸ்பேனருக்குக் கொடுக்காதீர்கள். கழற்றி மரையை மறுபடி பாருங்கள்.

2. ரெஞ்சில் 8 நியூட்டன் மீட்டர் வைத்து 1, 2, 3, 4 என்று குறுக்கே போங்கள்.

3. 16-க்கு ஏற்றி அதே வரிசையில் இன்னொரு சுற்று.

4. 24-க்கு ஏற்றிக் கடைசிச் சுற்று. இந்தச் சுற்றில் ஒவ்வொரு போல்ட்டையும் நிறுத்தாமல், ஒரே சீரான இழுப்பில் கிளிக் வரும்வரை கொண்டுபோங்கள். பாதியில் நிறுத்தித் தொடர்ந்தால் நின்ற உராய்வை உடைக்கவே விசை போய், போல்ட் நகராமலே கிளிக் வந்துவிடும்.

5. 24-லேயே வரிசையாக ஒரு முறை சரிபாருங்கள். முதலில் முடுக்கிய போல்ட், மற்றவை இறுகும்போது கேஸ்கெட் அமுங்கியதால் கொஞ்சம் தளர்ந்திருக்கும். இந்தச் சுற்றில் அது துளி நகர்ந்தால் வியப்பில்லை. நகர்வு நிற்கும்வரை சுற்றுங்கள், அதற்கு மேல் வேண்டாம்.

ரெஞ்சைக் கைப்பிடியின் நடுவில் பிடியுங்கள். வெட்டி இழுக்காதீர்கள். கிளிக் கேட்டதும் விட்டுவிடுங்கள். “இன்னொரு கிளிக்” என்பது சரிபார்ப்பு ஆகாது, கூடுதலாக முடுக்குவதுதான். சாக்கெட்டுக்கும் ரெஞ்சுக்கும் நடுவில் நேரான எக்ஸ்டென்ஷன் போட்டால் அளவு மாறாது. ஆனால் பக்கவாட்டில் நீட்டும் அட்டாப்டர் போட்டால் மாறிவிடும். இம்பாக்ட் ரெஞ்ச் இந்த வேலைக்கு வேண்டவே வேண்டாம்.

டார்க் ரெஞ்ச் இல்லையென்றால்

“கை பழகியிருக்கு” என்பதை நம்பாதீர்கள். 20 செ.மீ. நீள ஸ்பேனரில் உடம்பை வைத்து முப்பது கிலோ இழுப்பது யாருக்கும் கஷ்டமில்லை. அது 58 நியூட்டன் மீட்டருக்கு மேல், வேண்டியதைப் போல இரண்டு மடங்குக்கும் கூட. பைப் மாட்டி நீட்டினால் கேட்கவே வேண்டாம்.

பழைய பேப்பர் வாங்க வருபவர் கையில் தொங்கும் கொக்கித் தராசு போதும். டிஜிட்டல் கொக்கித் தராசு என்றால் இன்னும் வசதி.

1. டி-பார் அல்லது நீளமான ராட்செட்டில் சாக்கெட்டை மாட்டி, சாக்கெட்டின் நடுப்புள்ளியிலிருந்து சரியாக 25 செ.மீ. அளந்து கைப்பிடியில் இன்சுலேஷன் டேப் சுற்றுங்கள்.

2. தராசுக் கொக்கியை அந்த டேப்பில் மாட்டி, கைப்பிடிக்குச் செங்குத்தாக இழுங்கள். கோணம் சாய்ந்தால் தராசு காட்டும் எண்ணைவிடப் போல்ட்டுக்குப் போவது குறையும்.

3. முதல் சுற்றுக்கு 3.3 கிலோ, இரண்டாம் சுற்றுக்கு 6.5 கிலோ, கடைசிச் சுற்றுக்கு 9.8 கிலோ. இவை 8, 16, 24 நியூட்டன் மீட்டருக்குச் சமம்.

கைப்பிடி 20 செ.மீ.தான் என்றால் கடைசி எண் 12.2 கிலோ. வேறு நீளத்துக்கு நீங்களே போட்டுக்கொள்ளலாம்: நியூட்டன் மீட்டரை, மீட்டரில் உள்ள நீளத்தால் வகுத்து, வந்ததை 9.8-ஆல் வகுத்தால் கிலோ. இழுக்க ஒருவர், தராசைப் படித்து “போதும்” என்று சொல்ல ஒருவர் இருந்தால் நல்லது. வேலை தொடங்கும் முன் ஒரு கிலோ சர்க்கரைப் பாக்கெட்டைத் தொங்கவிட்டுத் தராசையும் சோதித்துக்கொள்ளுங்கள்.

முடுக்கும்போது கைக்குத் தெரிவது

நல்ல போல்ட் இறுக இறுக எதிர்ப்பும் அதே வேகத்தில் ஏறும். இரண்டு இடத்தில் அது பொய்க்கும்.

ஒன்று, போல்ட் திரும்பிக்கொண்டே இருக்கிறது, கைக்கு இறுக்கம் ஏறவில்லை. வெண்ணெயில் திருகுவது போல மெத்தென்று போகும். மரை இளகுகிறது அல்லது போல்ட் நீள்கிறது. அந்த நொடியே நிறுத்துங்கள். “இன்னும் கால் சுற்று போனா பிடிச்சுக்கும்” என்று தொடர்ந்தால் அலுமினிய மரை சுருள் சுருளாகப் போல்ட்டோடு வெளியே வரும்.

மற்றது, ஆரம்பத்திலேயே இறுகி, “கிறீச்” என்ற சத்தத்தோடு விட்டு விட்டு நகர்வது. மரையில் அழுக்கு, அல்லது போல்ட் தலைக்கு அடியில் பெயிண்ட், துரு. கழற்றிச் சுத்தம் செய்து, முதல் சுற்றிலிருந்து மறுபடி தொடங்குங்கள். நாலையும்தான், அந்த ஒன்றை மட்டும் இல்லை.

வால்வு இடைவெளி

ஹெட் புது உயரத்தில் உட்கார்ந்திருப்பதால் வால்வு இடைவெளி பழைய மாதிரி இருக்காது. புஷ் ராட் இரண்டும் அடியில் லிஃப்டரின் குழியில் உட்கார்ந்திருக்கின்றனவா என்று அசைத்துப் பார்த்து, பிஸ்டனைக் கம்ப்ரஷன் ஸ்ட்ரோக்கின் மேல் நிலைக்குக் கொண்டுவாருங்கள். அந்த நிலையில் இரண்டு ராக்கரும் லேசாக ஆடும். ஒன்று ஆடாவிட்டால் இன்னும் ஒரு முழுச் சுற்று சுற்றிப் பாருங்கள். ஜிஎக்ஸ்160-க்கு, எஞ்சின் ஆறிய நிலையில், இன்டேக் 0.15 மில்லிமீட்டர், எக்ஸாஸ்ட் 0.20 மில்லிமீட்டர். ஃபீலர் தகடு லேசாக உரசிக்கொண்டு நகர வேண்டும். லாக் நட்டை முடுக்கும்போது இடைவெளி மாறிவிடும், அதனால் முடுக்கியபின் மறுபடி அளக்காமல் கவரை மூடாதீர்கள்.

ஓட்டிப் பார்ப்பது

1. பிளக் இல்லாமல் கயிற்றை மெதுவாக நாலைந்து முறை இழுங்கள். எங்கும் தட்டக் கூடாது.

2. எண்ணெய் அளவு பாருங்கள். ஜிஎக்ஸ்160-க்கு மொத்தமே 0.6 லிட்டர்தான். கேஸ்கெட் உள்பக்கம் போயிருந்தால் பழைய எண்ணெயை மாற்றிவிடுவது நல்லது.

3. பிளக்கை மாட்டி, கயிறு இழுக்கும்போது கம்ப்ரஷன் கைக்குத் தெரிகிறதா என்று பாருங்கள். இந்த எஞ்சின்களில் கயிறு இழுக்க எளிதாக இருக்க டீகம்ப்ரஷன் அமைப்பு உண்டு, எனவே டிராக்டர் போல் எதிர்க்கும் என்று எதிர்பார்க்காதீர்கள்.

4. ஹெட்டும் பிளாக்கும் சேரும் கோட்டைச் சுற்றி சோப்புத் தண்ணீர் தடவி, பிளக் கேப் மாட்டாமலே கயிற்றை இழுங்கள். குமிழ் வரும் இடம் கசிவு. சூடான எஞ்சினில் இதைச் செய்யாதீர்கள்.

5. வெளியில் வைத்து லோடு இல்லாமல் பத்து நிமிடம் ஓட்டி, நிறுத்தி, முழுக்க ஆறவிடுங்கள். மோட்டார் கொட்டகைக்குள் கதவைச் சாத்திக்கொண்டு ஓட்டிப் பார்ப்பது உயிருக்கு உலை. கார்பன் மோனாக்சைடுக்கு வாசனை கிடையாது.

ஓடிய பிறகு மறுபடி முடுக்கலாமா?

கையேடு சொன்னால் மட்டும். சொன்னால், எஞ்சின் ஆறிய பிறகு, ஒரு நேரத்தில் ஒரு போல்ட் என்ற கணக்கில் கால் சுற்று தளர்த்தி, அதே வரிசையில் 24-க்குக் கொண்டுவாருங்கள். தளர்த்தாமல் ரெஞ்சை வைத்துக் கிளிக் கேட்பது ஒட்டிப்போன உராய்வைத்தான் அளக்கும். முடித்ததும் வால்வு இடைவெளியை மறுபடி பார்க்க வேண்டும்.

கசிகிற கேஸ்கெட்டை மேலும் முடுக்கி அடக்கலாம் என்று பலர் நினைக்கிறார்கள். நெருப்பு ஒரு முறை வளையத்தை அறுத்துவிட்டால் எந்த முடுக்கும் அதைச் சேர்க்காது. கழற்றி மாற்றுங்கள். கழற்றும்போதும் அதே குறுக்கு வரிசையில், ஒவ்வொன்றையும் அரைச் சுற்று அரைச் சுற்றாகத் தளர்த்துங்கள்.

மரை போய்விட்டால்

ஒரு அளவு பெரிய போல்ட்டை அடித்து ஏற்றுவது, மரையில் நூல் அல்லது எம்-சீல் வைத்துத் திருகுவது, இவை இரண்டும் கிராமத்துப் பட்டறைகளில் நடப்பவைதான். பம்ப் கவருக்கு ஒப்பேறலாம், ஹெட்டுக்கு ஒருநாளும் ஒப்பேறாது. எம்8, 1.25 பிட்ச் ஹெலிகாயில் போடச் சொல்லுங்கள். துளையைக் கொஞ்சம் பெரிதாக்கி, புது மரை வெட்டி, உள்ளே எஃகுச் சுருள் ஒன்றை இறக்குவார்கள். ஒழுங்காகப் போட்டால் பழைய அலுமினிய மரையைவிட உறுதி. கை டிரில்லில் போடவிடாதீர்கள், துளை சாய்ந்தால் போல்ட்டும் சாயும். பிளாக்கை டிரில்லிங் மெஷினில் பிடித்துத்தான் துளைக்க வேண்டும். துளைக்கும் முன் சிலிண்டரையும் புஷ் ராட் பொந்தையும் அடைத்துக் கொடுங்கள், திரும்பி வந்ததும் அலுமினியச் சீவலைத் துளி மிச்சம் வைக்காமல் கழுவுங்கள்.

வேலை முடிந்ததும் கிளிக் வகை டார்க் ரெஞ்சை அதன் அடிமட்ட அளவுக்குத் திருகி வைத்துப் பெட்டியில் போடுங்கள். 24-லேயே விட்டுவைத்தால் உள்ளே உள்ள ஸ்பிரிங் தளர்ந்து அடுத்த முறை தவறான எண்ணைச் சொல்லும். இறுகிப்போன போல்ட்டைக் கழற்ற அதை எடுப்பவரிடம் இரவல் கொடுக்காதீர்கள்.